தானாக இறங்கும் கியர்

அன்புள்ள அம்மாவுக்கு,

லாப்ரடார் கடற்கரை முகாமில் நான் சுகம். உன் முழங்கால் வலியும் அப்பாவின் இருமலும் குறைந்தனவா?

இங்கே ஒரு வேடிக்கை. எனக்குக் கொடுத்திருக்கும், பைக் மாதிரி கைப்பிடி உள்ள நான்கு சக்கர வண்டியில் கட்டைவிரலால் பொத்தானை அமுக்கினால் கியர் மாறும். ஆனால் உறைந்த கடல்மேல் போகையில், இரு கரைகளும் நெருங்கும் குறுகலுக்கு வந்ததும் அது தானாகவே கியரை இறக்கிக்கொண்டு ஊர்கிறது. கூட வேலை செய்யும் எல்ட்ரெட் சிரித்தான்.

"உங்கம்மா பின்னின கையுறையில கட்டைவிரல் டர்னிப் கிழங்கு மாதிரி இருக்குடா. அதுதான் பொத்தான அமுக்குது."

பேட்டரியைச் சோதித்தேன், ஒயர் முனைகளைத் துடைத்தேன், பொத்தானையே மாற்றினேன். கடைசியில் கையுறையைக் கழற்றி, விரலைத் தள்ளி வைத்து ஓட்டினேன். அதே இடத்தில் கியர் இறங்கியது. சற்று முன்னால் ஐஸ் மெலிந்து, அடியில் நீரோட்டம் கறுப்பாகத் தெரிந்தது.

நான் இதைச் சொன்னதும் எல்ட்ரெட்டின் சிரிப்பு போய்விட்டது. "அது உனக்கு முன்னாடி இங்க வேலை பாத்த லியாண்டர் வண்டிடா. அங்க வந்தா அந்தப் பெரிய கையால கியர இறக்கிருவான். போன வசந்தத்துல வண்டிய நிறுத்திட்டு, ஐஸ் தாங்குதான்னு நடந்து பாக்கப் போனான். வண்டி மட்டுந்தான் கெடச்சுது."

பயப்படாதே, இப்போது சுற்றுவழியில்தான் போகிறேன். ஆனால் இன்று காலை வண்டியில் ஏறும்போது, மூச்சே உறையும் குளிரில், பொத்தான் கதகதப்பாக இருந்தது. யாரோ அப்போதுதான் விரலை எடுத்ததுபோல.

தேயிலையும் ஜாமும் அனுப்பு. தபால் விமானம் கிளம்புகிறது, முடிக்கிறேன். கையுறை ஒரு ஜோடி பின்னு அம்மா. என் அளவு வேண்டாம், பெரிய கைக்கு.

உன் கார்லண்ட்