மாப்பிள்ளை போய்ச் சேரும் வீடு

லண்டன்
1984.11.13

ஜெஸீமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நான் சுகம். நீயும் மகளும், மாமா மாமியும் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன்.

நேற்று உன் விசா வழக்கு விசாரணைக்கு வந்தது. பயப்படாதே, பெரிதாக ஒன்றுமில்லை. "உண்மையான மனைவியென்றால் ஏன் புருசன் வீட்டில் இல்லாமல் தாய் வீட்டில் இருக்கிறாள்? இது விசாவுக்காகச் செய்த கல்யாணம்" என்று அரசாங்கத் தரப்பு வாதாடியது. நமக்காக இலவசமாகப் பேசும் சட்டத்தரணி அம்மா, "உங்கள் ஊர் வழக்கத்தை நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

எழும்பி, தெரிந்த இங்கிலீசில் சொன்னேன்: "ஐயா, இலங்கையில் எங்கள் ஊர் நிந்தவூரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பார். என் வாப்பாவும் அப்படித்தான் போனவர். அவள் இருப்பது எங்கள் வீட்டில்தான்."

நீதிபதி எழுதுவதை நிறுத்தினார். "அவள் இங்கே வந்தால் அது யாருடைய வீடு?"

"அவளுடையதுதான், ஐயா."

அவர் சிரிக்கவுமில்லை, ஏசவுமில்லை. தீர்ப்பு தபாலில் வருமாம். சட்டத்தரணி அம்மாவுக்கு நம்பிக்கை இருக்கிறது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. அதுவரை ஊரில் யாரிடமும் இதைப் பற்றிக் கதைக்காதே.

கடையில் மகளுக்கு ஒரு குளிர்ச்சட்டை பார்த்து வைத்திருக்கிறேன். அவள் உயரம் எனக்குத் தெரியாது. நூலால் அளந்து, அந்த நூலை உன் கடிதத்துக்குள் வைத்து அனுப்பு. பஸ் தரிப்பிடத்தில் இருந்துதான் எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது.

உன்
உதுமாலெவ்வை