தையல்காரி இன்னும் கதவைத் திறக்கவில்லை

மார்ச் 4

குளியலறைக் கண்ணாடி முன் நின்று பரிசு வாங்கும் உரையை ஒத்திகை பார்த்தேன். பல் துலக்கும் பிரஷ்தான் மைக். "இந்த விளையாட்டு என்னுடையதல்ல, நம் எல்லோருடையது" என்று குரல் தழுதழுக்க வேண்டிய இடத்தில் மனைவி கதவைத் தட்டினாள்.

"யாருக்கெல்லாம் நன்றி சொல்லணுமோ சீக்கிரம் சொல்லிட்டு வெளிய வாங்க. எனக்கு வேலைக்கு நேரமாச்சு."

பரிசை யாரும் அறிவிக்கவில்லை. நாங்கள் உருவாக்கும் கணினி விளையாட்டே இன்னும் வெளியாகவில்லை. இதெல்லாம் சில்லறை விஷயங்கள்.

மார்ச் 8

நாளை வெளியீடு. இன்று ஒரு பேட்டி.

மற்ற வீடியோ கேம்களில் ஓடலாம், சுடலாம். எங்கள் 'மழைத்தெரு'வில் வாழலாம் என்றேன். ஒரே ஒரு தெரு. அதில் ஒரு தையல்காரி, ஒரு மருந்துக்கடைக்காரர், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர், இன்னும் பலர். நாம் செய்வதையெல்லாம் அவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். பழகப் பழக மனம் திறப்பார்கள். அவர்களின் கதைகளை எழுதியது நான், அவர்களுக்கு மூளை செய்து கொடுத்தது தாடி. கல்லூரியிலிருந்தே நண்பன். இந்த வேலை முடிந்தால்தான் சவரம் என்று சொல்லி ஐந்து வருடமாகிறது.

"இதற்குப் பிறகு விளையாட்டு என்றாலே வேறு அர்த்தம்" என்று பேட்டியில் சொன்னேன். தாடி மேசைக்கடியில் என் காலை மிதித்தான். உணர்ச்சிவசப்பட்டு மிதிக்கிறான் என்று நினைத்தேன்.

மார்ச் 10

முதல் விமர்சனம்: "தெரு அழகு. மழை அழகு. நாள் முழுக்க நடந்தேன். ஒருவரும் கதவைத் திறக்கவில்லை."

அவசரக்குடுக்கை. ஒரே நாளில் என்ன தெரியுமாம்?

மார்ச் 11

இன்னும் நிறைய அவசரக்குடுக்கைகள். எல்லோருக்கும் உட்கார்ந்து பதில் எழுதினேன், பொறுமையாக விளையாடுங்கள் என்று. ஒருவர் மறுமொழி போட்டிருக்கிறார்: "பொறுமையாகத்தான் பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன்."

மார்ச் 14

மச்சினன் வந்திருந்தான். சோபாவில் சாய்ந்துகொண்டு மழைத்தெருவைப் புதிதாக ஆரம்பித்தான். நான் பின்னால் நின்று பார்த்தேன்.

தையல்காரி வீட்டுக் கதவைத் தட்டினான். ஜன்னல் திரை விலகியது, மூடியது. மருந்துக்கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரயில் ஓட்டுநர் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைப் பதிவு செய்ய நானும் தாடியும் ஒரு முழு வாரம் செலவழித்தோம். அருமையாகக் கேட்டது.

"மாமா, பெல் ரிப்பேரா?"

எரிச்சலாகிவிட்டது. பிடுங்கி, நான் சேமித்து வைத்திருந்த ஆட்டத்தைப் போட்டுக் காட்டினேன். கதவுகள் திறந்தன. "வாப்பா, ரெண்டு நாளா ஆளையே காணோம்" என்றாள் தையல்காரி. எனக்குக் கண்ணே கலங்கியது.

"இது உங்க தெரு மாமா. உங்களைத் தெரியும், திறக்கறாங்க. நான் புதுசு இல்ல?"

அவன் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஒவ்வொரு சோதனைக்கும் முதலிலிருந்து ஆடினால் நாள் போய்விடும் என்று, தெருவாசிகளோடு நன்றாகப் பழகி முடித்துச் சேமித்த ஒரே ஆட்டத்தைத்தான் அலுவலகத்தில் எல்லாக் கணினிகளிலும் போட்டு வைத்திருந்தோம். ஆரம்பத்தை முதல் வருடத்தில் ஒருமுறை பார்த்ததுதான். அதற்குப் பிறகு எத்தனையோ மாற்றினோம், ஆனால் முன்பின் தெரியாதவராக அந்தத் தெருவுக்குள் நாங்கள் யாருமே போகவில்லை. ஐயோ. எவ்வளவு பெரிய அறிவாளிகள் நாங்கள்!

மார்ச் 15

தாடியிடம் சொன்னேன். தாடியை இரண்டு முறை நீவினான். பிறகு, "அப்போ அஞ்சு வருஷமா நமக்கு நாமே விளையாட்டு காட்டிக்கிட்டோம்" என்றான்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "மூளை உன் டிபார்ட்மெண்ட்தானே?" என்றேன்.

"ஆமாடா. பேட்டி உன் டிபார்ட்மெண்ட்."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஏன்டா அப்படிச் சொன்னேன்? என்ன திமிர் எனக்கு?

மார்ச் 21

தாடி வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டானாம். பழங்களை வரிசையாக அடுக்கினால் வெடிக்கும், அந்த மாதிரி விளையாட்டு. சவரமும் செய்துவிட்டானாம். அதுதான் அதிகம் வலித்தது.

மார்ச் 24

நானே சரி செய்கிறேன் பேர்வழி என்று தெருவாசிகளின் சந்தேகக் குணத்தைக் குறைத்தேன். இப்போது எல்லாக் கதவும் திறக்கிறது. மருந்துக்கடைக்காரர் ஓடி வந்து கட்டிப்பிடித்து, முன்பின் தெரியாத என்னிடம் தன் விவாகரத்துக் கதையைச் சொல்லி அழுதார். பயந்துபோய் கணினியையே அணைத்துவிட்டேன்.

மார்ச் 25

பழையபடி மாற்றியாயிற்று. பூட்டிய தெருவே தேவலை.

மார்ச் 30

அலுவலகத்தைக் காலி செய்தேன். மற்றவர்கள் ஏற்கெனவே வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள். பெரிய மேசையைத் தனியாளாக இறக்கலாம் என்று வீரமாகக் கிளம்பி, படி திரும்பும் இடத்தில் சுவருக்கும் மேசைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. எதிர் அறைக் கணக்கர் வந்தார். ஐந்து வருடமாகத் தினமும் பார்க்கும் முகம். ஒரு வணக்கம் கூடச் சொன்னதில்லை.

"சார், ஒரு கை புடிக்கிறீங்களா?"

கைப்பையை வைத்துவிட்டுப் பிடித்தார். அவ்வளவுதான், கீழே இறங்குவதற்குள் அவருடைய முதுகுவலி, மகளின் படிப்பு, என் மேசையைத் தூக்கும் முறையிலிருந்த குறைகள் எல்லாம் வந்துவிட்டன.

"நீங்க யார்கிட்டயும் பேச மாட்டீங்கன்னு நினைச்சேன் சார்" என்றார்.

நானும் அவரைப் பற்றி அதையேதான் நினைத்திருந்தேன்.

ஏப்ரல் 2

சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்து, தையல்காரிக்கு ஒரே ஒரு காட்சி எழுதினேன். முதல் மழை வருகிறது. கொடியில் துணி. அவள் வெளியே ஓடி வந்து, தெருவில் நிற்கும் புது ஆளைப் பார்த்து, "நின்னு வேடிக்கை பாக்கறியே, ஒரு கை புடி!" என்கிறாள்.

அவள் மூளைக்குள் கை வைக்கும்போது தாடி எழுதியதையெல்லாம் வரிவரியாகப் படிக்க வேண்டியிருந்தது. எவ்வளவு கவனமாகச் செய்திருக்கிறான். ஒருமுறை கூட அவனிடம் சொன்னதில்லை.

ஏப்ரல் 9

விளையாட்டின் புதிய வடிவத்தை வெளியிட்டாயிற்று. உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. விமர்சகர்களும் வேறு விளையாட்டைக் கிழிக்கப் போய்விட்டார்கள். தாடிக்கு ஒரு வரி அனுப்பினேன்: "மூளை நல்லாத்தான் இருந்துச்சு. வாய்தான் சரியில்ல."

பதில் இல்லை.

ஏப்ரல் 13

பதில் இல்லை.

ஏப்ரல் 17

காலையில் தாடியிடமிருந்து செய்தி:

"முதல்லேர்ந்து ஆரம்பிச்சேன். துணி நனைஞ்சிடுச்சுன்னு தையல்காரி என்னைத் திட்டினா. அப்புறம் உள்ள கூப்பிட்டா. மருந்துக்கடைக்காரர் இன்னும் மூஞ்சியத் திருப்பறார். அவரை என்ன பண்ணலாம்? ஞாயித்துக்கிழமை வரட்டுமா? எங்க உக்காரணும்?"

சாப்பாட்டு மேசையில் பாதியை ஒழித்துத் துடைத்தேன்.

"அப்ப நாம எங்க சாப்பிடறது?" என்றாள் மனைவி. மேசையின் மறுமுனையைப் பிடித்து, ஜன்னல் பக்கம் நகர்த்த உதவியும் செய்தாள்.