குருவியின் கூட்டல்

ஜூன் 14

குருவியின் அப்பாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. குருவி கதவுக்குப் பின்னால் நின்று கேட்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன். தபாலிலேயே பதில் போடுங்கள். அவள் பையில் வைத்துவிட்டுப் போக வேண்டாம், இப்போது எதைப் பார்த்தாலும் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுகிறாள்.

படிப்பில் குறையில்லை, கூட்டல்தான் வரவில்லை. வகுப்பில் மற்ற பிள்ளைகள் ஏழும் ஆறும் பதின்மூன்று என்று பட்டென்று சொல்லும்போது, இவள் மேசைக்கு அடியில் விரலை மடக்கிக்கொண்டிருக்கிறாளாம். டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். "திட்டி, எழுத வச்சு ஒண்ணும் ஆகாதும்மா. தாயக்கட்டை உருட்டி, காய் நகர்த்தி விளையாடச் சொல்லுங்க. தானா மனசுல நிக்கும்."

நான் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க மற்றவர்கள் கண்ணைச் சோதித்துவிட்டு வீடு திரும்பும்போது என் கண் இரண்டும் சொருகிவிடும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை, உங்களுக்கு உண்டு. நாம் பிரிந்தபோது நீங்கள் மாதத்துக்கு ஒரு ஞாயிறு வருவது என்று பேசியிருந்தோம். கூட்டல் வரும்வரைக்கும் எல்லா ஞாயிறும் வாருங்கள். வந்த பிறகு பழையபடி. வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குருவியின் அம்மா


ஜூன் 30

குருவியின் அம்மாவுக்கு,

வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டாலும் உன்னிடம் சொல்வேனா?

எங்கள் கம்பெனிக்கு லிஃப்ட் பாகங்கள் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து நூறு மாடிக் கட்டடம் ஒன்று வரைந்தேன். ஆறு பக்கத் தாயக்கட்டைகள் இரண்டிலும் புள்ளிகளின் மேல் நான்கு முதல் ஒன்பது வரை எண்களை ஒட்டிவிட்டேன். உருட்டி, கூட்டிச் சொல்ல வேண்டும். சரி என்றால் அத்தனை மாடி லிஃப்ட் ஏறும். தப்பு என்றால் நின்ற இடத்திலேயே மாட்டிக்கொள்ளும். முதல் நாள் நான் வேண்டுமென்றே ஒரு தப்பு சொன்னேன். "அப்பா, லிஃப்ட் மாட்டிக்கிச்சு! மெக்கானிக்கைக் கூப்பிடுங்க!" என்று அவள் சிரித்த சிரிப்பு அடுக்களையில் உனக்கும் கேட்டிருக்கும்.

இன்னொரு சேதி. கம்பெனி என்னைத் தொலைவில் ஓர் ஊருக்குக் கூப்பிடுகிறது. புதிய கட்டடங்கள், மேற்பார்வை வேலை, இரண்டு வருஷம். பிள்ளைக்குக் கூட்டல் வரட்டும், பிறகு கிளம்புகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

குருவியின் அப்பா


ஆகஸ்ட் 20

குருவியின் அப்பாவுக்கு,

உங்கள் வேலை உங்கள் விருப்பம். அதைப் பற்றி நான் ஏன் கேட்கப் போகிறேன்?

ஆனால் இதைக் கேட்டே ஆக வேண்டும். நேற்றுப் பள்ளியில் கூட்டல் தேர்வு. இருபதுக்கு மூன்று. ஆரம்பத்தில் நன்றாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது ஐந்தும் நான்கும் கேட்டால் கூரையைப் பார்க்கிறாள். ஞாயிறு முழுக்க நீங்கள் இருவரும் என்னதான் செய்கிறீர்கள்? பாவம் பிள்ளை என்று தப்பான விடைக்கும் லிஃப்டை ஏற்றிவிடுகிறீர்களா? நீங்கள் செல்லம் கொடுத்துவிட்டுப் போய்விடுவீர்கள், பள்ளியில் தலைகுனிந்து நிற்பது நான்.

குருவியின் அம்மா


செப்டம்பர் 2

குருவியின் அம்மாவுக்கு,

செல்லம் கொடுக்கவில்லை. அதற்கு நேர்மாறாக ஒன்று செய்துவிட்டேன். நீயே தெரிந்துகொள்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

போன ஞாயிறு ஆறும் ஆறும் விழுந்தது. பதினொன்று என்றாள். மறுபடியும் யோசி என்றேன். பத்து என்றாள். உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. "இதுகூடத் தெரியாதா? மக்கு, மக்கு!" என்று கத்திவிட்டேன். நம் வீட்டில் அந்த வார்த்தை கூடாது என்று அவள் பிறந்த நாளிலிருந்தே சொல்லிவந்தவன் நான்.

அவள் அழவில்லை. போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "இன்னொரு ஆட்டம் போடலாம்பா" என்றாள். அழுதிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

குருவியின் அப்பா


செப்டம்பர் 11

குருவியின் அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் கிழித்துக் கிழித்துப் போட்டேன்.

நேற்றுக் கடையில் மின்சாரம் இல்லாமல் சீக்கிரம் வந்துவிட்டேன். குருவி உங்கள் கட்டடத்தை விரித்துவைத்து, "நீயாச்சும் வாம்மா" என்றாள். விளையாடினோம். எனக்குத் தலைவலி. எட்டும் ஏழும் விழுந்தது. பதினான்கு என்று சொல்லிக் காயை நகர்த்தினேன்.

"ஐயோ அம்மா, பதினஞ்சு!"

சொன்னதும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் கட்டையை உருட்டினேன். ஒன்பதும் நான்கும். அவள் கூரையைப் பார்த்தாள். "குருவி, அம்மாகிட்ட உண்மையைச் சொல்லு, உனக்குத் தெரியும்தானே?" என்றேன். தலையாட்டினாள்.

"எனக்கு வந்துடுச்சுன்னா அப்பா போயிடுவாரு. பால்கனியில போன்ல சொன்னாரு. அப்புறம் நீயும் ஞாயித்துக்கிழமை வேணாம்னு சொல்லிடுவே."

தேர்வில் ஏன் தப்பாக எழுதினாய் என்று கேட்டேன். "அதை நீ பார்ப்பியே" என்றாள்.

ஏழு வயதுப் பிள்ளை, தெரிந்த விடையை விழுங்கிக்கொண்டு இரண்டு மாதமாகத் திட்டு வாங்கியிருக்கிறாள். நீங்கள் மக்கு என்றதை எழுதிவிட்டீர்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த மூன்று மதிப்பெண்ணைப் பார்த்ததும் என் மனசுக்குள் ஒரு மூலையில் சந்தோஷமாக இருந்தது. பார்த்தாயா, இவர் சொல்லிக்கொடுத்த லட்சணம் என்று. பெற்ற வயிறு அப்படி நினைக்குமா? நினைத்தது. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது என்பார்களே, கூட்டல் வரும்வரைக்கும் என்று நிபந்தனை போட்டு அதைத்தான் செய்தேன்.

உங்களிடம் சொல்லக் கூடாது என்று கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். சத்தியம் செய்துவிட்டு எழுதுகிறேன். அதையும் என் தப்புகளோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

குருவியின் அம்மா


செப்டம்பர் 22

குருவியின் அம்மாவுக்கு,

உன் கடிதத்தை வேலை நடக்கும் கட்டடத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். உதவியாளர் வந்து, "என்ன சார், வீட்ல ஏதாவது?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

நீ ஒன்று சொன்னாய், நானும் ஒன்று சொல்கிறேன். அவள் தப்புச் சொன்ன ஒவ்வொரு முறையும் எனக்கு மூச்சு லேசானது. கம்பெனிக்கு, இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கலாமே. போவதா இருப்பதா என்று முடிவெடுக்கத் துணிவில்லாமல் அந்தச் சுமையைப் பிள்ளை தலையில் ஏற்றிவைத்திருந்தேன். அவளும் சுமந்திருக்கிறாள்.

ஞாயிறு வந்தபோது நீ கடைக்குப் போயிருந்தாய். கட்டடத்தை விரிக்கும் முன்பே சொல்லிவிட்டேன். "குருவி, அப்பா அந்த ஊருக்குப் போறேன். உனக்குக் கூட்டல் வந்தாலும் போறேன், வராட்டியும் போறேன். எனக்கு அந்த வேலை பிடிச்சிருக்கு. உன்னால இல்ல." பொய் சொல்லித் தேற்றுவதா என்று ராத்திரியெல்லாம் யோசித்தேன். பொய் சொன்னால் மறுபடியும் தன் விடைகளில்தான் குற்றம் தேடுவாள் என்று பட்டது.

அவள் என்னையே பார்த்தாள். "அம்மா சொல்லிட்டாங்களா?" என்றாள். பிறகு கட்டையை எடுத்து உருட்டினாள்.

"பதினேழு."

அடுத்து, "பதிமூணு." அடுத்து, "பதினெட்டு." விரல் அசையவில்லை. கட்டை நின்றதுமே விடை வந்தது. ஒவ்வொரு விடையும் கன்னத்தில் அறை விழுந்த மாதிரி இருந்தது. நான் அறுபதாவது மாடியைத் தொடுவதற்குள் அவள் உச்சிக்குப் போய்விட்டாள். துள்ளவில்லை, கைதட்டவில்லை. கட்டையைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு, "ஜெயிச்சிட்டேன். இப்பப் போங்க" என்றாள்.

வியாழக்கிழமை கிளம்புகிறேன். செய்தது சரிதானா என்று தெரியவில்லை.

குருவியின் அப்பா


நவம்பர் 5

குருவியின் அப்பாவுக்கு,

நீங்கள் அங்கே சேர்ந்து எழுதிய இரண்டு கடிதமும் கிடைத்தன. பதில் எழுதாமல் இருந்ததற்குக் கோபம் காரணமில்லை. அவள் சொன்னதாக ஏதாவது எழுத வேண்டும் என்று காத்திருந்தேன், அவள் உங்கள் பேச்சையே எடுக்கவில்லை.

தேர்வில் இருபதுக்கு இருபது. டீச்சர் எல்லார் முன்னாலும், "அம்மா எடுத்துக்கிட்ட முயற்சிதான்" என்று பாராட்டினார். அங்கே நிற்க முடியாமல் வேலை இருப்பதாகச் சொல்லி வந்துவிட்டேன்.

நேற்று நானே அவளிடம் பேசினேன். அப்பா வருவதற்கு இனிமேல் இந்த வீட்டில் காரணம் எதுவும் வேண்டியதில்லை, லீவு கிடைக்கும்போது வரலாம், நான்தான் முன்னே தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். பென்சில் சீவியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். தூங்கப் போகும்போது திரும்பி வந்து வாசலில் நின்றாள்.

"அப்பா வந்தா நான் கணக்கு விளையாட மாட்டேன்."

"சரி."

"சும்மா வரட்டும்."

அவ்வளவுதான். மன்னிப்பா, இன்னும் கோபமா, எனக்குத் தெரியவில்லை. சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன்.

உங்களுக்கு எப்போது லீவு என்று எழுதுங்கள். அவளுக்கே எழுதுங்கள், நான் பிரிக்க மாட்டேன்.

குருவியின் அம்மா