கருவாட்டு ஓலை

மதினி,

இன்று காலை கீழத் தெருவில் ஒருத்தி தன் பன்றிக் கொட்டிலில் புது உமி கொட்டிக்கொண்டிருந்தாள். வேலிக்கு இப்பால் போன எனக்கு அந்த மணம் வந்தது. உமியும் தேங்காய் நார்த்தூளும் ஈரத்தில் புளித்து, பழைய கஞ்சிப் பானையைத் திறந்தது போன்ற மணம். அதற்குமேல் எனக்குக் கால் நகரவில்லை. நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. ஒரே வீட்டில் இருந்தவரை உங்களுக்கு எழுதும் அவசியம் வரவில்லை. சொல்ல வேண்டியது மட்டும் ஒன்று இருந்தது.

கொழும்புத் தோணியில் போன அண்ணன் திரும்பாத வருஷம்தான் பன்றி வளர்க்க ஆரம்பித்தீர்கள். முழங்கால் ஆழம் தோண்டி, மணல், உமி, நார்த்தூள், சருகு என்று போட்டு நிரப்பினீர்கள். சாணமும் மூத்திரமும் அதிலேயே மக்கிவிடும், கழுவ வேண்டாம், நாற்றமும் இல்லை. தினமும் முழங்கை வரை கையை விட்டு அடியில் சூடு இருக்கிறதா என்று பார்ப்பீர்கள். பன்றிக்கு மெத்தை போடுகிறாள் என்று பெரியதாழை ஊரே சிரித்தது. "எனக்கு மெத்தை போட வேண்டியவன் வரலை. நானாவது ஒண்ணுக்குப் போடுதேன்" என்று நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். நாற்றம் கிளம்பினால் பன்றிகளை ஒழித்துவிட வேண்டும் என்று தெருவில் சொல்லியிருந்தார்கள். நம் இருவருக்கும் கஞ்சி அந்தக் குழியில்தான் இருந்தது.

வேம்பாரில் உங்கள் அம்மைக்கு மூச்சு முட்டுகிறது என்று ஆள் வந்தது. ஒரு சினைப் பன்றியையும் ஐந்து குட்டிகளையும் என்னிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டீர்கள்.

"ஏளா, நமக்குக் கஞ்சி இல்லாட்டாலும் அதுகளுக்குத் தண்ணி இருக்கணும்" என்றீர்கள். நான் தலையாட்டினேன்.

அது யுத்தக் காலம். அரிசிக்கே வரிசையில் நின்றோம், உமிக்கு எங்கே போவது? படுக்கை நசநசத்துப் போய், எதிர்வீட்டுக்காரர் மூக்கைப் பொத்த ஆரம்பித்தார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கருவாடு காயப்போடும் களத்தில் கிழிந்த ஓலைப்பாய்கள் மொறுமொறுவென்று குவிந்து கிடந்தன. நாலு கடகப்பெட்டி அள்ளி வந்து பரப்பினேன். கருவாட்டு வாடை நம் தெருவில் யாருக்கும் வாடையே இல்லை. எதிர்வீட்டுக்காரர் மூக்கிலிருந்து கையை எடுத்தார். எனக்கு என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்துப் பெருமை தாங்கவில்லை.

உப்பு ஊறிய அந்த ஓலையைப் பன்றிகள் ருசித்துத் தின்றன. தண்ணீர் ஊற்றுக்கோ வெயிலில் தேரிச் செம்மணல் மேட்டைத் தாண்டி நடக்க வேண்டும். ஓலை போட்ட பிறகு இரண்டு நாளும் நாளுக்கு ஒரு குடத்தோடு நிறுத்திக்கொண்டேன். உங்களிடம் இப்போதாவது பொய் வேண்டாம், சோம்பல்தான் காரணம்.

மூன்றாம் நாள் சினைப் பன்றி பின்பக்கமாகவே நடந்தது. பிறகு சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றது. தாகம் என்று அப்போதுதான் உறைத்து, ஓடி ஓடிக் குடம் குடமாக ஊற்றினேன். குடித்த வேகத்தில் ஒவ்வொன்றாக விழுந்து காலை உதைத்துக்கொண்டன. அவற்றின் வாயோரம் ஓலைத் துணுக்குகளைப் பார்த்தேன். மிச்ச ஓலையை வழித்துக் கடலில் கொட்டினேன். மறுநாள் நீங்கள் வந்தபோது ஒன்றுகூட மிச்சமில்லை.

நீங்கள் முதலில் படுக்கைக்குள்தான் கையை விட்டீர்கள். ஓலை ஈரத்தை இழுத்திருந்தது, அடியில் சூடும் சரியாக இருந்தது. பிறகு சினைப் பன்றியின் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தீர்கள்.

"நான் போயிருக்கக் கூடாதுளா" என்றீர்கள்.

இரண்டு மாதம் கழித்து உங்கள் அம்மை இறந்த செய்தி வந்தது. அதற்குள் இரண்டு குட்டிகளை வாங்கி விட்டிருந்தீர்கள். "நான் போனா இங்கன இதுவும் செத்துரும்" என்று சொல்லி, குழி ஓரத்தில் செபமாலையோடு உட்கார்ந்துவிட்டீர்கள். பெற்றவள் முகத்தைப் பார்க்காமலே அவளை அடக்கம் செய்தார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்களை வண்டியேற்றியிருக்கலாம். ஓலை என்று ஒரு வார்த்தை.

போன வருஷம் ஊருக்கு வந்த கால்நடை டாக்டரிடம், வேறு யாரோ வீட்டுப் பன்றிகள் என்று சொல்லிக் கேட்டேன். உப்பு மூளைக்கு ஏறியிருக்கும், அந்த நிலையில் ஒரேயடியாகத் தண்ணீர் காட்டியதும் கெடுதல் என்றார். திரும்பி வந்தபோது நீங்கள் இருமிக்கொண்டு படுத்திருந்தீர்கள். அன்றும் சொல்லவில்லை. நீங்கள் என்னை வெறுத்துவிட்டால் எனக்கு வேறு யார் இருந்தார்கள்?

கடைசி நாளில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள். "ஏளா, நான் போகாம இருந்திருந்தா அதுக பொழச்சிருக்கும்லா?"

"ஆமா மதினி" என்றேன்.

நீங்கள் இருந்திருந்தால் அவை பிழைத்துத்தான் இருக்கும். அந்த உண்மையைச் சொல்லித்தான் என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, ஆண்டவருடைய ஐந்து காயமும் அறிய, அம்மையிடமும் அந்தப் பன்றிகளிடமும் மன்னிப்புக் கேட்டீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆமென் சொன்னேன்.