ஒரே பெயரில் இரண்டு பெட்டி

3.8.2007 வெள்ளி

காலையிலிருந்து மேற்குக் காற்று, புழுதி. எட்டு நாளுக்குப் பிறகு குழாயில் தண்ணீர். பாதித் தொட்டிதான் நிறைந்தது. கல்லூரியில் இரண்டு வகுப்பு. துறைத் தலைவர் நாற்காலியில் என்னைவிட ஆறு வயது இளையவன். வணக்கம் வைத்தேன். வைக்க வேண்டியிருக்கிறது.

ஜும்ஆ முடிந்து கணினி முன் உட்கார்ந்தேன். வாணவேடிக்கை வேலை ஏறக்குறைய முடிந்தது. இசை ஓடும், தாளம் விழும் இடத்தில் கணினி ஒரு செய்தி அனுப்பும், ரிலே பெட்டியில் சொடுக்கு விழும், குழாயில் இருக்கும் வாணம் மேலே போகும். ரஹ்மத்தின் தம்பி, என் மச்சினன் ஜமாலுக்காக மூன்று வருடமாகச் செய்தது. வாணம் அவனுடையது, மூளை என்னுடையது என்று பேச்சு.

இந்த மென்பொருளில் வரி வரியாக எழுதும் வேலை இல்லை. திரையில் பெட்டி பெட்டியாக வரைந்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கோடு இழுக்க வேண்டும். ஆரம்பத்தில் கோடுகள் சிக்கிப்போய் ஒன்றும் புரியாது. அதனால் கோடு இல்லாத முறைக்கு மாறினேன். ஒரு பெட்டியில் ‘சென்ட்’ போட்டு ஒரு பெயர். வேறெங்கோ ஒரு பெட்டியில் ‘ரிசீவ்’ போட்டு அதே பெயர். கம்பியில்லாத் தந்தி மாதிரி போய்ச் சேர்ந்துவிடும். ர.விடம் காட்டினேன்.

“கோடெல்லாம் எங்கங்க போச்சு?” என்றாள். அவ்வளவுதான் பாராட்டு.

5.8 ஞாயிறு

கல்லூரி மலர் புரூஃப் பார்க்க சிவகாசி அச்சகம். சீசன், ஞாயிறும் மிஷின் ஓடுகிறது. காயப் போட்டிருந்த தாளில் ஒன்று: ‘கணினி இசை வாணவேடிக்கை. சனி மாலை, திருத்தங்கல் மைதானம். வடிவமைப்பு, இயக்கம்: ஜமால்.’ நாலு வண்ணம். என் பெயர் அடியில் பொடி எழுத்தில்கூட இல்லை.

“ஒங்க மச்சினன்தான சார்? பெரிய மூளைக்காரரு,” என்றார் மிஷின்மேன்.

ஆமாம் என்றேன். புரூஃபில் நாலு பிழையை விட்டுவிட்டேன், இப்போது ஞாபகம் வருகிறது.

வீட்டில் அலமாரி. போன வருடப் பிரதி இருந்த சி.டி. இல்லை.

“தம்பி நோம்புக்கு வந்தப்ப கேட்டான், குடுத்தேன். வீட்டு ஆளுதானங்க. இதுல என்ன களவு?”

அவள் அரிசி களைந்துகொண்டே சொன்னாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜ. இதுவரை என்னிடமிருந்து கொண்டுபோனவை: ஸ்கூட்டர் (கண்ணாடி இல்லாமல் திரும்பி வந்தது), மல்டிமீட்டர், நல்ல குடை, என் எம்.எஸ்ஸி. ரெக்கார்டு நோட்டு (எதற்கு?), இப்போது இது.

7.8 செவ்வாய்

பஸ் ஸ்டாண்டில் மாடசாமி. விஸ்வநத்தத்துக்காரர். ஜ.வுக்கு மைதானத்தில் குழாய் நட்டு எலக்ட்ரிக் திரி கட்டுகிறவர். டீ சாப்பிட்டோம்.

“என்ன சார், நீங்க வரமாட்டீகளாமே? ஒங்களுக்கு ஒடம்புக்கு முடியலன்னு மொதலாளி சொன்னாக.”

“நல்லாத்தான் இருக்கேன்.”

“பாத்தாலே தெரியுது. மாப்பிள்ளை மாதிரி இருக்கீக,” என்று சிரித்தார். பிறகு அவராகவே சொன்னார். மைதானத்தில் இரண்டு வரிசைக் குழாய். “மொதலாளி கம்ப்யூட்டர்ல ஒங்க பெட்டிப் படத்தையே ரெண்டு வாட்டி தொறந்து வச்சிருக்காக சார். ஒண்ணு கெழக்குக்கு, ஒண்ணு மேக்குக்கு. சனிக்கெழம மத்தியானம் கெழக்க திரிக்குப் பதிலா லைட்டக் கட்டி டெஸ்ட்டு பாப்பாக. அந்நேரம் நான் மேக்க திரி கட்டிக்கிட்டு இருப்பேன். நேரம் பத்தாதுல்லா.”

“மேக்க பெட்டிக்கு பவர்?”

“போட்டுத்தான் இருக்கும். அம்புட்டுக்கும் பேட்டரி ஒண்ணுதான.”

அந்த சி.டி.யில் இருக்கும் பெயர் எல்லாம் பொதுப் பெயர். கணினித் திரையில் எத்தனை ஜன்னல் திறந்தாலும், ஒரே பெயர் இருந்தால் எல்லா ரிசீவும் கேட்கும். கிழக்கு ஜன்னலில் ‘போடு’ என்று செய்தி போனால் மேற்கு ஜன்னலில் இருக்கும் ‘போடு’வும் எடுத்துக்கொள்ளும். கிழக்கே விளக்கு எரியும். மேற்கே வாணம் கிளம்பும். புதுப் பிரதியில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனி எண் சேர்த்து இதைச் சரிசெய்துவிட்டேன். பழையதில் இல்லை. ஜ.வுக்குத் தெரியாது. என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

“நல்லா வரட்டும்,” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

8.8 புதன்

மேகமூட்டம், மழை இல்லை. நாள் முழுக்க ஒரு சந்தோஷம். எழுத வெட்கமாக இருக்கிறது. பட்டப்பகலில், சரக்கு எடுக்க வரும் வெளியூர் பார்ட்டிகள் பார்த்துக்கொண்டிருக்க, மேற்கு வரிசை மொத்தமும் கிளம்பிப் போவதை நினைத்துப் பார்த்தேன். ஜ.வின் முகம். சாயந்திரம் எண்ணெய் பரோட்டா, வழக்கத்தைவிட இரண்டு கூடுதல்.

நினைத்துப் பார்த்ததில் மாடசாமி இல்லை.

9.8 வியாழன்

சவரம் செய்யும்போது மாடசாமி நினைப்பில் வந்துவிட்டார். குழாய் வாய்க்கு மேல் குனிந்துதான் திரி கட்டுவார். கை மட்டுமா, முகமும் அங்கேதான்.

ஜ.வின் நம்பரை இரண்டு முறை போட்டு, மணி அடிக்குமுன் வெட்டினேன். ‘சொல்லுங்க மச்சான்’ என்று அந்தக் குரல் கேட்கும். அதைக் கேட்க முடியாது.

மாடசாமிக்கு போன் இல்லை. விஸ்வநத்தம் போய்ச் சொல்லலாம். வகுப்பு இருந்தது என்று எழுத நினைத்தேன். வகுப்பு இரண்டு மணிக்கே முடிந்தது.

10.8 வெள்ளி

போகவில்லை. பல்வலி.

11.8 சனி

போனேன். ர.விடம் சொல்லவில்லை. திருத்தங்கலில் இறங்கும்போது மூன்று மணி, மண்டையைப் பிளக்கும் வெயில். பந்தலுக்குள் பார்ட்டிகள், மேசைமேல் கணினி, அதன் முன்னால் ஜ., புதுச் சட்டை. மேற்கே மாடசாமி குனிந்திருந்தார்.

ஜ.விடம் போகவில்லை. நேராக பேட்டரிக்குப் போய் மேற்கு வயரைப் பிடுங்கினேன்.

“மச்சான்! என்ன பண்ணுறீக? பார்ட்டியெல்லாம் பாக்குறாகள்ல!”

“திரியை அவுத்துட்டு அங்கயும் லைட்டக் கட்டு. அப்புறம் டெஸ்ட் போடு.”

“பொறாமையக் கொண்டாந்து இங்கன கொட்டாதீக. வீட்ல வச்சுப் பேசுவோம்.”

மாடசாமி எழுந்து வந்தார். “கட்டித்தான் பாப்போமே மொதலாளி. எனக்கு இருக்கது ரெண்டு கண்ணுதான.”

கட்டினார்கள். வயரைச் சேர்த்தேன். ஜ. கிழக்குப் பொத்தானை அழுத்தினான். இரண்டு வரிசையிலும் விளக்கு எரிந்தது.

மாடசாமி மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு ஜ., பந்தலுக்கே கேட்கும்படி: “பாத்தீகளா? படத்துக்குள்ள ஆப்பு வச்சுத்தான் விட்டிருக்காரு. சொந்த மச்சான்!”

களவாண்டவன் சொல்கிறான். ஒரே பெயர், இரண்டு ஜன்னல், ரிசீவ் என்று என்னவோ சொன்னேன். வகுப்பில்கூட இவ்வளவு மோசமாக விளக்கியதில்லை. வடக்கத்திக்காரர் ஒருவர் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார், நான்தான் வெடிக்கப்போகிறேன் என்பது போல. மேற்கு ஜன்னலில் பெயர்களை மாற்றிக் கொடுத்தேன். பத்து நிமிட வேலை. நன்றி என்று யாரும் சொல்லவில்லை.

இருட்டியதும் பஸ் நிறுத்தத்தில் நின்றே பார்த்தேன். கிழக்கு, மேற்கு, கிழக்கு. ஒரு தாளம்கூடத் தப்பவில்லை. கைதட்டல் ரோடு வரை கேட்டது.

முடிந்ததும் மாடசாமி சைக்கிளில் வந்து நின்றார். நன்றி சொல்ல வந்தார் என்று நினைத்தேன்.

“எப்ப சார் தெரிஞ்சுச்சு ஒங்களுக்கு?”

இன்று காலை என்றேன்.

“நான் செவ்வாக்கெளமையே சொன்னேன்ல சார். கெழக்க, மேக்க, பேட்டரி, எல்லாம்.”

பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.