அணில் கடித்த கொய்யா

இன்று காலை லேபில் கிருமி வளர்க்கும் இன்குபேட்டரைத் திறந்ததும் அழுகிய முட்டை வாடை அடித்தது. சிவப்புத் தட்டில், நடுவில் கறுத்த புள்ளிகள். அதில் தடவியிருந்தது வவ்வால் எச்சமோ எலிப் புழுக்கையோ அல்ல, என் மலம்; மூடியில் இருந்தது என் பெயர். நீ போய் இத்தனை மாதமாகியும் என் குடலில் அந்தக் கிருமி இன்னும் இருக்கிறது. உன் இரத்தத்தில் வளர்ந்த அதே சால்மோனெல்லா.

காட்டுப் பிராணிகள் நம் சாப்பாட்டில் விட்டுப்போகும் கிருமிகளைத் தேடுவதுதான் நம் இருவருக்கும் வேலை. நீ காய்ச்சலில் விழுவதற்குச் சில நாள் முன்பு, காலையெல்லாம் செம்பூர் லேப் வாசலிலுள்ள கொய்யா மரத்தடியில் கையுறை மாட்டி அணில் புழுக்கை பொறுக்கினோம். மத்தியானம் அதே மரத்தில், அணில் கடித்த பழமாகப் பார்த்துப் பறித்தாய் நீ. தாராவியில் பிறந்தவள்தான், நாக்கு மட்டும் திருநெல்வேலியை விடவில்லை.

"ஏட்டி, அணில் கடிச்ச பழந்தான் ருசி. அதுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிரப் போவுது?"

"அதோட வாயில என்ன இருக்குன்னு நீதானேடி ரிப்போர்ட் எழுதறே? அலம்பிட்டாவது சாப்பிடு" என்றேன்.

சிரித்துக்கொண்டே கடித்த பக்கத்தை நீ வைத்துக்கொண்டு மறுபாதியை நீட்டினாய். மாட்டுங்கா வீட்டில் அலம்பாத டம்ளரைத் தொடாத நான், உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது, பாவி.

உனக்குச் சர்க்கரை உடம்பு. பேதி, காய்ச்சல், பிறகு கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த உன் சாம்பிளை நானே தட்டில் வளர்த்தேன். அணிலிடம் கிடைத்ததோடு அச்சு அசலாகப் பொருந்தியது. அந்த முடிவை உன்னிடம் சொல்ல நீ உயிரோடு இல்லை. எனக்கோ ஒரு தலைவலிகூட வரவில்லை.

இப்போது வீட்டில் கணவர்தான் சமைக்கிறார். மகள் தண்ணீர் கேட்டால்கூடக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறேன். குர்லாவில் ரயில் நிற்கும்போது வயிற்றுக்குள் ஏதோ முனகும். பசிதான், தெரியும். ஆனால் "ஏட்டி" என்று கேட்கிறது. நேற்று "என்னடி" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்தவள் தள்ளி உட்கார்ந்தாள்.

டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். முழுவதும் போட்டால் போய்விடுமாம். மகளுக்கு மறுபடி என் கையால் சோறு பிசைந்து கொடுக்கலாம். அதற்காகவே போட்டாக வேண்டும். இன்னும் அட்டையைப் பிரிக்கவில்லை. உன்னைக் கொன்றதைக் கொல்ல எனக்கென்ன தயக்கம் என்று நீ கேட்பாய். அந்த மத்தியானம் நாம் ஆளுக்குப் பாதியாகத் தின்றதில் உயிரோடு மிச்சமிருப்பது இது ஒன்றுதானே.