பொம்பிளையின் ஊர்

அண்ணை,

லா ஷப்பல் மெத்ரோ ரயில் நிலைய வாசலில் இன்று ஒருவர் தைலம் மணக்கக் கடந்துபோனார். மகளின் தள்ளுவண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். ஞாயிறு காலைகளில் உங்கள் முழங்காலில் மணக்கிற தைலம். நீங்கள் இருக்க மாட்டீர்கள் என்று தெரிந்தும் திரும்பிப் பார்த்தேன்.

ஊரில் எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் நடுக்களத்தில் நின்றவர் நீங்கள். பட்டணத்துப் பெரிய கழகம் சப்பாத்தும் வேலையும் தருவதாகக் கூப்பிட்டும் போகவில்லை. கோல் அடித்தவரின் பெயரை ஊர் சொல்லும். பந்தைக் கொடுத்தவர் நீங்கள் என்று என் ஐயா மட்டும் சொல்லுவார். பாரிசிலும் ஊர்ச்சனம் நடத்துகிற அதே கழகம், அதே இடம். உணவகத்தில் தட்டுக் கழுவிவிட்டு நித்திரையில்லாமல் வந்து ஆடினீர்கள். முழங்கால் போனபின் செயலாளரானீர்கள். மைதானத்துக்காக நகரசபையில் காத்து நின்றதும் வலை கட்டியதும் சண்டை விலக்கியதும் நீங்கள்தான்.

அப்போதுதான் நான் கலியாணம் கட்டியிருந்தேன். என்னவரின் ஊர் ஆட்கள் இங்கே யாருமில்லை. அதனால் அவருக்குக் கழகமும் இல்லை. புறநகர் கூசேன்வில்லில் ஓர் அறை, விமான நிலையத்தில் வேலை, ஞாயிறு முழுக்க யன்னலோரம். எங்கள் ஊர்க்காரர் மட்டுமே ஆடலாம் என்பது கழகத்தின் சட்டம். இந்த மனிதர் யாரோடும் பேசாமலே வாடிப்போய்விடுவாரோ என்ற பயத்தில், வயிற்றில் பிள்ளையோடு உங்களிடம் வந்து கேட்டேன்.

மார்க்ஸ் டோர்மோயில் உங்கள் அறையில்தான் கூட்டம். கதவோரம் நானும் நின்றேன். பட்டணத்துக் கழகத்துக்கே போகாத நீங்கள் பிறத்தியாரைச் சேர்க்கலாமோ என்று ஒருவர் குத்தினார். முழங்காலைத் தடவிக்கொண்டு, "உம்மட கொப்பர் எந்த ஊர்?" என்று அவரைக் கேட்டீர்கள். அவருடைய தகப்பனும் எங்கள் ஊரில் கலியாணம் கட்டி வந்தவர்தான்.

"அது வேறை, அண்ணை. அவருக்கு அங்கை சீதன வீடு இருந்தது."

"இவருக்கும் இருக்கு. இஞ்சை கொண்டுவரேலாமல் கிடக்கு."

சிரிப்பு அடங்கமுன் தீர்ப்பையும் சொன்னீர்கள்: "பொம்பிளையின்ர ஊர்தான் மாப்பிள்ளைக்கும் ஊர். உடுப்பை எடுத்துக் குடுங்கோ."

அவர் ஆடியது பெரிய ஆட்டமொன்றும் இல்லை. மாப்பிள்ளைக்குச் சீதன வளவின் அகலத்துக்குக் கோல் கட்டவேணும் என்று நீங்களே பகிடி பண்ணினீர்கள். ஆனால் முதல் ஆட்டத்தன்று வீட்டுக்கு வந்து வாய் ஓயாமல் கதைத்தார்.

போன மாரியில், வேலையால் வந்து படுத்த நீங்கள் எழும்பவில்லை. உங்கள் பெட்டியைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். பெட்டியில் யாரென்று கேட்டவர்களுக்கு, "எங்கட ஊர் ஆள்" என்றார்.

மகளுக்கு இப்போது நடை வந்துவிட்டது. இருமினாலும் பயப்படுகிறேன், இருமாவிட்டாலும் போய்ப் பார்க்கிறேன். எல்லாவற்றிலும் பெரிய பயம், ஊரையே காணாத இவள் எந்த ஊர் என்பது. இன்று கடையில் ஒரு அம்மா அதையே கேட்டா. நீங்கள் சொன்ன சட்டப்படி ஊர் பொம்பிளையோடுதான் வருகிறது. அப்படியென்றால் அது என்னோடு இஞ்சை வந்து கனகாலம், அண்ணை.

"என்ரை ஊர்தான்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.